யாரும் உற்றுப் பார்க்காத ஏரிக்கரை

பெர்லினுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

“அக்கா, குளிக்கிறதுக்கு உடுப்பு எடுத்து வைங்க. ஜூலை மாசம் இங்க எல்லாரும் ஏரியிலதான் கிடப்பாங்க.”

பின்னால் அவன் மனைவி ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

“எடுத்து வராட்டியும் பரவாயில்லையாம். அங்க அது கட்டாயமில்லையாம்.”

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன். பக்கத்தில் இருந்த பெரியக்கா சிரிக்கவில்லை. எந்த ஏரிக்குப் போனாலும் தான் கரையில்தான் உட்காரப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

பெரியக்காவுக்கு வயது 52. பத்தொன்பது வயதில் இடது முழங்கையில் ஒரு வெள்ளைத் திட்டு தோன்றியது. பிறகு கைகளிலும் கழுத்திலும் கால்களிலும் பரவியது. வெண்புள்ளி என்பார்கள். தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் அந்த இடங்களில் இல்லாமல் போய்விடுவதுதான் காரணம். வலிக்காது, அடுத்தவருக்கு ஒட்டாது. ஆனால் பெண் பார்க்க வந்தவர்களிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மூன்று குடும்பங்கள் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனபின், அப்பா தரகரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அன்று முதல் முழுக்கைச் சட்டை, உயர்ந்த கழுத்து, காலுறை. சிங்கப்பூரின் வெக்கையில் முப்பத்து மூன்று ஆண்டுகளாக அக்காவின் சீருடை இதுதான். கடலுக்கு நடுவில் ஒரு தீவில் பிறந்து வளர்ந்தவர், ஒருநாளும் கடலில் கால் நனைத்ததில்லை.

பிசாசு ஏரிக்குப் பாதை

தம்பி வீடு பெர்லினின் கிழக்கே லிச்டென்பெர்க்கில். அங்கிருந்து எஸ்7 ரயிலில் ஏறினால் நகரின் குறுக்கே ஓடி, மேற்கில் குரூனவால்ட் நிலையத்தில் இறக்கிவிடும். “பசுங்காடு” என்று பொருள். பெயருக்கேற்ப, நிலையத்தைத் தாண்டினால் பைன் மரங்களும் ஓக் மரங்களும்தான்.

காட்டுக்குள் போகுமுன் தம்பி எங்களை அந்த நிலையத்தின் 17ஆம் தண்டவாளத்துக்கு அழைத்துப்போனான். இப்போது அங்கு ரயில் வருவதில்லை. நடைமேடை ஓரத்தில் பதித்த இரும்புத் தகடுகளில் தேதிகள், எண்ணிக்கைகள், ஊர்ப்பெயர்கள். 1941 அக்டோபரிலிருந்து பெர்லின் நகர யூதர்களை முகாம்களுக்கு ஏற்றிச் சென்ற ரயில்கள் புறப்பட்ட இடம் அது. அக்கா ஒவ்வொரு தகடாகப் படித்துக்கொண்டே நடந்தார். நாங்கள் யாரும் பேசவில்லை.

பிறகு அரைமணி நேரக் காட்டு நடை. வழியில் டோய்ஃபெல்ஸ்பெர்க் என்ற குன்று. பார்த்தால் இயற்கைக் குன்றுபோல் மரங்களுடன் நிற்கிறது. உண்மையில் அது இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய பெர்லின் வீடுகளின் இடிபாடுகளைக் கொட்டி உருவாக்கிய மேடு. உயரம் சுமார் 120 மீட்டர். உச்சியில் பனிப்போர் காலத்து அமெரிக்க ஒட்டுக்கேட்பு நிலையத்தின் வெள்ளைக் கூண்டுகள் கிழிந்து தொங்குகின்றன. அந்தக் குன்றின் அடியில்தான் டோய்ஃபெல்சே. தமிழில் சொன்னால் பிசாசு ஏரி.

மரங்கள் விலகி ஒரு சரிவான புல்வெளி தெரிந்தது. நான்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். சட்டென்று நின்றேன். பின்னால் வந்த அக்கா என்மேல் மோதினார்.

புல்வெளி நிறைய மனிதர்கள். பாதிப் பேர் நீச்சல் உடையில். மீதிப் பேர் உடம்பில் பொட்டுத் துணி இல்லை. ஒரு முதியவர் வெற்றுடம்புடன் துண்டில் உட்கார்ந்து நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை நிரப்பிக்கொண்டிருந்தார். எழுபது வயது மதிக்கத்தக்க இரண்டு தோழிகள் டப்பாவைத் திறந்து செர்ரிப் பழம் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் அப்படியே.

“முருகா,” என்றார் அக்கா. தரையைப் பார்த்துக்கொண்டு.

தம்பி முகம் சிவந்துவிட்டது. “ஆடையில்லாம குளிக்கிறவங்க அந்த மூலையில மட்டும்தான் இருப்பாங்கன்னு நினைச்சேன்…” என்று இழுத்தான். அவன் மனைவி மட்டும் சாதாரணமாகப் புல்லில் துண்டை விரித்து, “உட்காருங்கள். நீங்கள் உடுத்தியிருந்தாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்,” என்றாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் வீவக வீட்டின் சன்னல் திரைதான். சிங்கப்பூரில் பொது இடத்தில் மட்டுமல்ல, சொந்த வீட்டுக்குள்ளேயே வெளியே இருப்பவர் கண்ணில் படும்படி ஆடையின்றி இருந்தாலும் குற்றம். 2,000 வெள்ளிவரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். 2009இல் ஹாலந்து வில்லேஜ் சாலையில் ஆடையின்றி நடந்த சிங்கப்பூரர் ஒருவருக்கும் வெளிநாட்டவர் ஒருவருக்கும் ஆளுக்கு 2,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். மலேசியாவில் 2015இல் கினபாலு மலையுச்சியில் ஆடை களைந்து படமெடுத்துக்கொண்ட சுற்றுப்பயணிகள் கதை நம் எல்லாருக்கும் தெரியும். சில நாள்களில் வந்த நிலநடுக்கத்தில் 18 உயிர்கள் போனபோது, மலையை அவமதித்ததால்தான் இந்த வினை என்று சபாவில் பலர் கொதித்தார்கள். பிடிபட்ட நால்வருக்கு மூன்று நாள் சிறையும் தலைக்கு 5,000 ரிங்கிட் அபராதமும் கிடைத்தன.

“இங்க போலீஸ் வராதா?” என்று தம்பியிடம் கேட்டேன்.

ஜெர்மனியில் ஆடையின்றி இருப்பதையே குற்றம் என்று சொல்லும் பொதுச் சட்டம் இல்லை. பொதுமக்களுக்குத் தொந்தரவு விளைவிப்பது என்ற சிறு குற்றப் பிரிவு ஒன்று உண்டு. அதில் ஐந்து யூரோவிலிருந்து ஆயிரம் யூரோவரை அபராதம் போடலாம். பேருந்திலோ கடைத்தெருவிலோ அப்படிப் போனால் அந்தப் பிரிவு பாயும். வெகுகாலமாக மக்கள் ஆடையின்றிக் குளித்துவரும் ஏரிக்கரையில், யாருக்குத் தொந்தரவு என்ற கேள்வி எழும். பாலியல் நோக்கத்துடன் பிறரைத் தொல்லைப்படுத்தினால் அது வேறு, பெரிய குற்றம்.

ஆக, அங்கே சட்டம் கேட்பது “உடுத்தியிருக்கிறாயா?” என்றல்ல, “எங்கே, யார் முன்னால், என்ன நோக்கத்தில்?” என்பதையே. இந்த நிலைக்கு வர அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்குமேல் பிடித்தது.

இருட்டு வீடுகளிலிருந்து வெயிலுக்கு

இதற்கு ஜெர்மன் மொழியில் பெயர், ஃப்ரைகோர்ப்பர்குல்டூர். “விடுதலையான உடலின் பண்பாடு” என்று சொல்லலாம். சுருக்கமாக மூன்று எழுத்து. ஜெர்மானியர் அதை “எஃப் கா கா” என்று உச்சரிக்கிறார்கள். “காக்காவா?” என்று கேட்டார் அக்கா. அதன்பிறகு எங்கள் மூவருக்குள் அது காக்கா ஏரியாகிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லின் போன்ற தொழில் நகரங்களில் மக்கள் வெயில் புகாத, நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். காசநோய் வாட்டியது. வெயிலின்றிக் குழந்தைகளின் எலும்பு வளைந்தது. அப்போதுதான், இறுக்கமான உடையையும் புகை மண்டிய ஊரையும் விட்டுக் காற்றையும் வெயிலையும் உடலில் படவிடுங்கள் என்று சொன்ன வாழ்க்கைச் சீர்திருத்தக்காரர்கள் தோன்றினார்கள். 1898இல் எஸ்ஸன் நகரில் முதல் சங்கம் அமைந்தது. 1920களில் பெர்லின் உடற்பயிற்சி ஆசிரியர் அடால்ஃப் கோக் தொழிலாளர் குடும்பங்களுக்காகப் பயிற்சிப் பள்ளிகள் நடத்தினார். அங்கே மருத்துவப் பரிசோதனையும் உண்டு, ஆடையில்லா உடற்பயிற்சியும் உண்டு.

எதிர்ப்பும் கூடவே வந்தது. 1932இல் பிரஷ்ய அரசு பொது இடத்தில் ஆடையின்றிக் குளிப்பதைத் தடைசெய்தது. அதோடு நிற்காமல், குளியல் உடையின் தொடையிடுக்கில் முக்கோணத் துணி ஒன்று வைத்துத் தைத்திருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. “முக்கோணத் துணி ஆணை” என்று ஊரே கேலி பேசியது. மறு ஆண்டு நாஜிகள் வந்தார்கள். கோக்கின் பள்ளிகள் மூடப்பட்டன, சங்கங்கள் கலைக்கப்பட்டன அல்லது கட்சியின் பிடிக்குள் கொண்டுவரப்பட்டன. ஆனால் “ஆரோக்கியமான இனத்தின் உடல்” என்ற பேச்சு அவர்களுக்கும் பிடித்திருந்ததால், 1942இல் பிறர் கண்ணில் படாத இடங்களில் ஆடையின்றிக் குளிக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள்.

1942. அதே ஆண்டில் அந்த 17ஆம் தண்டவாளத்திலிருந்து ரயில்கள் போய்க்கொண்டிருந்தன. சிலருடைய உடலுக்கு வெயில் காயும் உரிமை, சிலருடைய உடலுக்கு உயிரோடு இருக்கவே உரிமையில்லை. காலையில் அக்கா ஒவ்வொரு தகடாகப் படித்தது நினைவுக்கு வந்தது.

கடற்கரையில் ஒரு மனுப் போர்

மறுநாள் தம்பியின் மாமியார் ரோஸ்டாக்கிலிருந்து வந்திருந்தார். வயது 76. பால்டிக் கடலோரத்தில், அன்றைய கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர். ஏரியில் எங்கள் முகம் போன போக்கைத் தம்பி மனைவி நடித்துக் காட்டியதும் மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். மகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்.

போர் முடிந்து ஊரே ஏழ்மையில் இருந்த நேரம். கடற்கரைக்குப் போனால் ஆடையின்றிக் குளிப்பது பலருக்கு இயல்பாக இருந்தது. 1954இல் கிழக்கு ஜெர்மானிய அதிகாரிகள் பால்டிக் கரையில் அதற்குத் தடை போட்டார்கள். கலைஞர்களும் எழுத்தாளர்களும் கோடையில் கூடும் ஆரன்ஸ்ஹோப் என்ற ஊர் அந்தச் சர்ச்சையின் நடுவில் இருந்தது. காவலர்கள் கரையில் நடந்து வருவார்கள். மக்கள் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். காவலர்கள் போனதும் துண்டு கீழே விழும்.

“எங்க அப்பா கப்பல் பட்டறையில் வேலை செய்தார்,” என்றார் அந்த அம்மா. “அவருக்கு அரசியல் எதுவும் தெரியாது. ஆனால் ஒரு மனு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகளோடு கடலில் குளிப்பதால் சோசலிசத்துக்கு என்ன நட்டம் என்று கேட்டார்.”

அப்படிப் பலரும் எழுதினார்கள். தேர்தலில் உண்மையான தேர்வு இல்லாத நாட்டில், மனு எழுதுவதுதான் குடிமக்களுக்கு இருந்த வழி. 1956 மே மாதம் அரசு இறங்கிவந்தது. ஒதுக்கப்பட்ட பகுதிகளில் ஆடையின்றிக் குளிக்கலாம் என்று விதி வெளியானது. அதன்பின் முப்பது ஆண்டுகளில் அது கிழக்கு ஜெர்மனியின் சாதாரணக் குடும்பப் பழக்கமாகிவிட்டது.

“வெளிநாடு போக முடியாது. நினைத்ததைப் பேச முடியாது. கடைக்குப் போனால் வரிசை. ஆனால் கடற்கரையில் மட்டும் கட்சித் தலைவரா, கப்பல் பட்டறைத் தொழிலாளியா என்று தெரியாது. பதக்கம் குத்திக்கொள்ள இடம் ஏது?” என்றார்.

1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின், விடுமுறைக்கு வந்த மேற்கு ஜெர்மானியர் முகம் சுளித்தார்கள். உள்ளூரார் விட்டுக்கொடுக்கவில்லை. பத்திரிகைகள் அந்தத் தகராறுக்கு “ஜட்டிச் சண்டை” என்றே பெயர் வைத்தன. ரோஸ்டாக்கின் அண்மைய கடற்கரை விதி இன்னும் சுவையானது. ஆடையில்லாப் பகுதிக்குள் உடுத்திக்கொண்டு வந்து அமர்பவரை வெளியேறச் சொல்ல அதில் இடமிருக்கிறது.

நீச்சல் குளத்தில் ஒரு புகார்

மேற்கில் போராட்டம் வேறு வகையாகப் போனது. மியூனிக் நகரில் ஆங்கிலப் பூங்காவின் புல்வெளியில் பல பத்தாண்டுகளாக மக்கள் ஆடையின்றி வெயில் காய்ந்து வந்தார்கள். 2013இல் பவேரியா மாநிலத்தின் பழைய குளியல் உடை விதி காலாவதியானதும், இனி என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. நகர மன்றம் 2014இல் ஆறு இடங்களை ஒதுக்கி, அங்கே ஆடையின்றி இருக்கலாம் என்றது. 2019 ஜூனில் இசார் ஆற்றங்கரையில் மேலாடை இல்லாமல் வெயில் காய்ந்த பெண்களைப் பாதுகாவலர்கள் மூடிக்கொள்ளச் சொன்னபோது, சுற்றியிருந்த மற்றப் பெண்களும் ஆதரவாக மேலாடையைக் கழற்றினார்கள். சில நாள்களில் நகர மன்றம் விதியைத் திருத்தியது.

பெர்லினில் 2021 கோடையில் குழந்தைகளுக்கான நீர் விளையாட்டுத் திடலில், மேலாடையின்றிப் படுத்திருந்த ஒரு தாயை வெளியேறச் சொல்லிக் காவல்துறையை அழைத்தார்கள். அருகில் ஆண்கள் பலர் வெற்று மார்புடன்தான் இருந்தார்கள். அவர் வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றம் 2022இல் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் கேள்வி ஓயவில்லை. பெர்லின் மாநிலம் 2020இல் பாகுபாட்டுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியிருந்தது. அரசு அமைப்புகள் பாலின அடிப்படையில் வேறுபாடு காட்டினால் குடிமக்கள் முறையிடலாம். 2022 டிசம்பரில் ஒரு நகர நீச்சல் குளத்தில் மேலாடை அணியச் சொல்லப்பட்ட இன்னொரு பெண், அந்தச் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்தார். 2023 மார்ச்சில் முடிவு வந்தது. பெர்லின் நகர நீச்சல் குளங்களில் ஆண்களுக்குள்ள விதியே பெண்களுக்கும்.

ஊர்வலம் இல்லை, கண்ணாடி உடைப்பு இல்லை. “வழக்கமான நீச்சல் உடை” என்று எழுதியிருந்த விதியில் மேலாடை கட்டாயம் என்று எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான்.

மூடவும் உரிமை, திறக்கவும் உரிமை

இதைக் கேட்டபோது எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. ஒளிக்கத் தேவையில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு இது வேண்டுமா? என் பதில் எளிது: எனக்கு வேண்டாம்.

ஆனால் அன்று இரவு தம்பி ஒரு விஷயம் சொன்னான். அதே பெர்லின் குளங்களில் தலைமுதல் கால்வரை மூடும் புர்கினி அணிந்தும் பெண்கள் நீந்தலாம். கோப்ளென்ஸ் நகரம் தன் குளங்களில் புர்கினிக்குத் தடை போட்டபோது, 2019இல் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. இரண்டும் எதிரெதிர் என்று தோன்றும். யோசித்தால் ஒரே கேள்வி. என் உடம்பில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை நான் முடிவு செய்வதா, வாசலில் நிற்பவர் முடிவு செய்வதா?

எங்கள் பாட்டி நாகர்கோவில் பக்கத்துக்காரர். அங்கே, பழைய திருவிதாங்கூரில், நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் மேல்சாதியினர் முன் மார்பை மூடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. மூடினால் சந்தையில் துணியைக் கிழித்தார்கள். பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் மன்னரின் ஆணை வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. நம் மூதாட்டிகள் மூடும் உரிமைக்காக அடிபட்டார்கள். இவர்கள் மூடாமல் இருக்கும் உரிமைக்காக மனு எழுதுகிறார்கள். அளவில் இரண்டும் ஒன்றல்ல. அங்கே உயிரும் மானமும் போயின. இங்கே ஒரு நீச்சல் நுழைவுச் சீட்டு. ஆனாலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“நாம எல்லாம் அப்படிப் போராடி வாங்கின சட்டையை நான் ஏன் வெக்கையில போட்டுக்கிட்டு அலையறேன்னு யோசிக்கிறேன்,” என்றார் அக்கா, அடுப்பங்கரையிலிருந்து. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியாது.

காட்டுப்பன்றியும் கைப்பேசியும்

ஆச்சரியம் என்னவென்றால், இத்தனை போராடி வாங்கிய உரிமையை இளைய ஜெர்மானியர்கள் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். ஆடையில்லாப் பண்பாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு கடந்த 25 ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி உறுப்பினர்களை இழந்திருக்கிறது. தம்பி மனைவியிடம் காரணம் கேட்டேன். சட்டைப்பையிலிருந்த கைப்பேசியைத் தட்டிக் காட்டினாள். “முன்பு பார்த்தவர் கண்ணோடு போயிற்று. இப்போது உலகமே பார்த்துவிடும்.”

அதற்கு மறுபக்கமாக ஒரு கதையும் சொன்னாள். 2020 ஆகஸ்டில், நாங்கள் போன அதே பிசாசு ஏரிக்கரையில் ஒரு காட்டுப்பன்றி இரண்டு குட்டிகளோடு வந்து, குளிக்க வந்தவர் ஒருவரின் மஞ்சள் பையைக் கவ்விக்கொண்டு ஓடியது. பைக்குள் மடிக்கணினி. அவர் இருந்த கோலத்திலேயே, அதாவது எந்தக் கோலமும் இல்லாமல், பன்றியைத் துரத்தினார். ஒருவழியாகப் பையை மீட்டார். கரையிலிருந்த ஒரு பெண் அதைப் படம் எடுத்தார். உலகம் முழுவதும் அந்தப் படம் சுற்றியது. நான்கூட அப்போது பார்த்துச் சிரித்திருக்கிறேன். எனக்குத் தெரியாதது இதுதான்: படத்தை வெளியிடுமுன் அந்தப் பெண் அவரிடம் காட்டி அனுமதி கேட்டிருக்கிறார். அவரும் வாய்விட்டுச் சிரித்துச் சம்மதித்திருக்கிறார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

ஜெர்மனிக்குப் போகும் நம் குடும்பங்களுக்கு இது பயன்படும். ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் “எஃப்.கே.கே.” என்ற மூன்று எழுத்துப் பலகை இருந்தால் ஆடையில்லாப் பகுதி என்று பொருள். “டெக்ஸ்டீல்” என்றிருந்தால் உடையோடு குளிக்கும் பகுதி. பிசாசு ஏரி போன்ற இடங்களில் இரண்டும் கலந்திருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஹோட்டல்களில் உள்ள நீராவிக் குளியல் அறைகள் பெரும்பாலும் ஆண் பெண் இருபாலருக்கும் பொது, உள்ளே உடை அணியும் வழக்கமில்லை. கதவைத் திறந்துவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்த நம்மவர்கள் கதை நிறைய உண்டு. எங்கு உட்கார்ந்தாலும் அடியில் துண்டு விரிக்க வேண்டும். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: உற்றுப் பார்க்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் அக்காவை மாற்றியது.

முழங்கால்வரை தண்ணீர்

ஊர் திரும்புவதற்கு முந்திய நாள், “காக்கா ஏரிக்கு இன்னொரு தடவை போகலாமா?” என்று கேட்டார். நாங்கள் வியந்து பார்த்தோம். “மரமெல்லாம் அழகா இருந்துச்சு,” என்றார்.

புல்வெளியின் ஓரத்தில், மர நிழலில் துண்டு விரித்தோம். நான் சுடிதாரில், அக்கா வழக்கமான முழுக்கைச் சட்டையில். முதல் நாள் தரையையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், இப்போது மெல்ல நிமிர்ந்து பார்க்கப் பழகியிருந்தோம். பத்திரிகை அட்டையில் வரும் உடல் ஒன்றுகூட அங்கே இல்லை. தொங்கிய வயிறுகள், அறுவை சிகிச்சைத் தழும்புகள், வளைந்த முதுகுகள். ஒரு மார்பை நோய்க்குக் கொடுத்துவிட்ட ஒரு பெண்மணி பேரனுடைய நீந்தும் வளையத்தில் காற்று ஊதிக்கொண்டிருந்தார். செதில் செதிலாகத் தோல் உரிந்த ஓர் ஆடவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயலவும் இல்லை. அங்கிருந்த மரங்களைப்போல, நாய்களைப்போல, அவர்களும் இருந்தார்கள்.

அரைமணி நேரம் கழித்து அக்கா காலுறையைக் கழற்றினார். பிறகு பையிலிருந்து வெயில் தடுப்புக் களிம்பை எடுத்தார். வெண்புள்ளி உள்ள தோல் வெயிலில் விரைவாகச் சுடும். அதைக் கால்களில் பூசினார். பிறகு சட்டைக் கைகளைச் சுருட்டினார், முதலில் மணிக்கட்டுவரை, பிறகு முழங்கைக்கு மேல். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பியபோது அவர் தண்ணீரில் நின்றிருந்தார். முழங்கால்வரை. உருட்டிவிட்ட காற்சட்டை, வெளியே தெரிந்த கைகள். பழுப்பும் வெள்ளையுமாக அந்தக் கைகளைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்துகொண்டிருந்தார். அருகில் செர்ரிப் பழத் தோழிகளில் ஒருவர் நீந்தி வந்து கரையேறினார். அக்காவைப் பார்த்துத் தலையசைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

“என்னக்கா சொன்னாங்க?”

“எனக்கென்ன ஜெர்மன் தெரியுமா?” என்றார் அக்கா. “தண்ணி சில்லுன்னு இருக்குன்னு சொல்லியிருப்பாங்க. இருக்கு.”

ஊருக்கு வந்து மூன்று வாரமாயிற்று. சட்டம் மாறவில்லை, மாறவும் தேவையில்லை. எங்கள் வீட்டுச் சன்னல் திரையை நான் இன்னும் இழுத்துத்தான் விடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவோடு தேக்கா சந்தைக்குப் போனேன். அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. காய்கறிக்காரர் சில்லறை எடுத்துக் கொடுக்கும்போது கையைப் பார்த்துவிட்டார்.

“என்னக்கா கையில?”

“வெண்புள்ளி. முப்பத்து மூணு வருசமா இருக்கு. ஒட்டாது,” என்றார் அக்கா. “முருங்கைக்காய் எப்படிக் கொடுக்கிறீங்க?”